நகரத்துக்கு இறகு வந்த வழி

பொது அறிவுப் புத்தகங்களில் மூன்று பட்டியல்கள் தவறாமல் இருக்கும். பழம்பெரும் நகரங்கள் ஒன்று, நாடுகளின் தேசியப் பறவைகள் ஒன்று, உலகத்தின் பூர்வகுடிகள் ஒன்று. ஆஸ்டெக் தலைநகரம் டெனோச்டிட்லான், குவாத்தமாலாவின் பறவை கெட்சால், நியூசிலாந்தின் பூர்வகுடிகள் மாவோரி என்று மனப்பாடம் செய்துகொள்கிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் இந்த மூன்று பட்டியல்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்ற எண்ணமும் சேர்ந்தே மனதில் பதிந்துவிடுகிறது. அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பழைய நகரங்கள் பலவற்றில் அரசன் தலையில் எதைச் சூடினான், கோயிலில் எதைப் படைத்தார்கள், வணிகர்கள் மாதக்கணக்கில் நடந்து எதைத் தேடிப் போனார்கள் என்று பார்த்தால் பறவையின் இறகு வந்து நிற்கும். அந்த இறகு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நகரத்தின் எல்லைக்கு வெகுதூரத்துக்கு அப்பால், காட்டிலும் மலையிலும் தீவிலும் வாழ்ந்த ஒரு சமூகத்தில் போய் முடியும்.

இறகு நகரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பறவையைப் பற்றிய அறிவும், அதைப் பிடிப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகளும் கூடவே வரவில்லை. இப்படி இரண்டும் பிரிந்துபோன இடங்களில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் டெனோச்டிட்லான். இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடத்தில், டெஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் 1325-இல் இந்த நகரம் தொடங்கியது என்பது மரபு. கள்ளிச்செடி மேல் கழுகு அமர்ந்திருக்கும் இடத்தில் ஊரைக் கட்டு என்று தெய்வம் சொன்னதாகக் கதை. மெக்சிகோவின் கொடியில் இன்றும் அந்தக் கழுகு இருக்கிறது. 1519-இல் ஸ்பானியர்கள் வந்து பார்த்தபோது அங்கே ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அன்றைய ஐரோப்பாவில் அந்த அளவுக்குப் பெரிய நகரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த நகரத்தில் தங்கத்துக்கு மேலாக மதிக்கப்பட்டது கெட்சால் பறவையின் பச்சை இறகு. ஆனால் நகரத்தைச் சுற்றி ஒரு கெட்சால்கூடக் கிடையாது. தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, இன்றைய சியாப்பாஸ், குவாத்தமாலா பகுதிகளில், எப்போதும் பனிமூட்டம் படிந்திருக்கும் மலைகளின் மேகக் காட்டில் வாழும் பறவை அது. உளுத்துப்போன மரத்தில் பொந்து குடைந்து முட்டையிடும். காட்டு அவகாடோ வகைப் பழங்கள்தான் முக்கிய உணவு. அந்தப் பழங்கள் எந்த உயரத்தில் எப்போது பழுக்கின்றனவோ அதற்கேற்ப மலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆண் பறவைக்கு வாலுக்கு மேலே இரண்டு இறகுகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு வளரும். பகலில் ஆண் அடைகாக்கும்போது பொந்துக்குள் இடம் போதாமல் அந்த இரண்டு இறகுகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அவை உதிர்ந்து, மறுபடி முளைக்கும்.

இந்த இறகு தலைநகரத்துக்கு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று திறை. ஸ்பானிய ஆட்சியின் தொடக்கத்தில் வரையப்பட்ட மெண்டோசா சுவடியில், எந்த ஊர் என்ன திறை கட்டியது என்று படம் படமாகப் போட்டிருக்கிறார்கள். பசிபிக் கரையோரத்துச் சோகோனோச்கோவின் பக்கத்தில் கொக்கோ மூட்டைகளுக்கும் ஜாகுவார் தோல்களுக்கும் அருகே இறகுக் கட்டுகளும் நீலப் பறவைகளின் முழுத் தோல்களும் இருக்கின்றன. இன்னொரு வழி வணிகம். போச்டேகா எனப்பட்ட நெடுந்தூர வணிகர்கள் சுமைதூக்கிகளோடு நடந்தே போய் வாங்கி வந்தார்கள். வண்டி இல்லை, பொதி மாடு இல்லை. எல்லாம் மனித முதுகில் வந்தது.

வந்த இறகைக் கைவேலையாக மாற்றியவர்கள் அமன்டேகா என்ற கலைஞர்கள். அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பே இருந்தது. அவர்கள் வேலை செய்த முறை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. பெர்னார்டினோ டி சஹாகுன் என்ற பாதிரியாரும், ஆஸ்டெக்குகளின் மொழியான நாவாட்ல் பேசிய எழுத்தர்களும் முதியவர்களும் சேர்ந்து 1577 வாக்கில் முடித்த பெரிய தொகுப்பில் அது இருக்கிறது. ஆர்க்கிட் செடியின் கிழங்கிலிருந்து எடுத்த பசையைப் பஞ்சின் மேல் பூசிக் காயவைத்து விறைப்பான தாள் செய்வார்கள். அதில் உருவத்தை வரைந்து, முதலில் சாயம் ஏற்றிய மலிவான இறகுகளை அடித்தளமாக ஒட்டுவார்கள். அதன் மேலேதான் விலையுயர்ந்த இறகு, ஒரே ஒரு மெல்லிய அடுக்கு. அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அதற்கேற்ப மேலடுக்கின் பளபளப்பு மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு அறிவியல் செய்தியையும் சொல்லிவிட வேண்டும். கெட்சால் இறகில் பச்சைச் சாயப்பொருள் எதுவும் கிடையாது. இறகுக்குள் மெலனின் என்ற கரிய நிறமியின் துகள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் வெளிச்சம் பட்டுச் சிதறும் விதத்தில்தான் பச்சையாகவும், கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் நீலமாகவும் தெரிகிறது. சாயமாக இருந்தால் வெயிலில் வெளுத்துவிடும். இது அமைப்பால் வரும் நிறம் என்பதால் எளிதில் போகாது. வியன்னாவின் அருங்காட்சியகத்தில் இருக்கும் இறகுத் தலையணி ஐந்து நூற்றாண்டு ஆகியும் பச்சையாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

அந்தத் தலையணி ஒன்றே முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்கு மேல் உயரம். நானூறுக்கும் மேற்பட்ட கெட்சால் இறகுகள் அதில் இருக்கின்றன. ஒரு பறவையிடம் நீள இறகு இரண்டு, மிஞ்சினால் மூன்று நான்கு என்றால், நூறு பறவைகளுக்குக் குறையாமல் தேவைப்பட்டிருக்கும். கூடவே நீலக் கொட்டிங்கா, இளஞ்சிவப்புக் கரண்டிவாயன், பழுப்புக் குயில் ஆகியவற்றின் இறகுகளும் உண்டு. மலைக்காடு, தாழ்நிலக் காடு, கடலோரச் சதுப்பு என்று மூன்று வகை நிலத்துப் பறவைகள் ஒரே பொருளில் சேர்ந்திருக்கின்றன. 1596-இல் ஆஸ்திரியாவின் ஆம்ப்ராஸ் கோட்டைப் பொருட்பட்டியலில் இது முதன்முதலாகப் பதிவானபோது ‘மூர்களின் தொப்பி’, அதாவது வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின் தொப்பி, என்று எழுதி வைத்தார்கள். யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்ற செய்தி கடலைத் தாண்டி வரவே இல்லை. ஆஸ்டெக் அரசன் மொக்டெசுமா சூடியது என்று பிற்காலத்தில் சொன்னதற்கும் ஆதாரம் கிடையாது. மெக்சிகோ அதைத் திருப்பிக் கேட்கிறது. விமானத்தில் கொண்டுபோனால் அதிர்வில் இறகுகள் சிதைந்துவிடும் என்ற காரணம் காட்டப்பட்டு, பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. செய்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நாவாட்ல் பேசிக்கொண்டு அங்கே வாழ்கிறார்கள். அந்தப் பொருள் போய்ச் சேரவேண்டிய இடம் அவர்கள் நாடுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த இறகுகள் எல்லாம் செத்த பறவையிலிருந்து வந்தவையா? கெட்சாலைப் பொறுத்தவரை பெரும்பாலும் அப்படி இருந்திருக்காது. பதினாறாம் நூற்றாண்டில் குவாத்தமாலாவின் வெராபாஸ் பகுதியைப் பற்றி எழுதிய ஸ்பானியப் பாதிரியார் பர்த்தலோமே டி லாஸ் காசாஸ், அங்கே கெட்சாலைக் கொல்பவனுக்கு மரண தண்டனை என்கிறார். பிடிப்பார்கள், நீள இறகை எடுத்துக்கொண்டு பறக்க விட்டுவிடுவார்கள், அடுத்த ஆண்டு அது மறுபடி வளரும். பொந்து எங்கே, பறவை எந்த மாதத்தில் எந்த உயரத்துக்கு வரும், இறகு எப்போது முழு நீளம் அடையும் என்பதெல்லாம் தெரிந்தவர்களால்தான் இப்படி எடுக்க முடியும். தலைநகரத்து அரண்மனையில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் டெனோச்டிட்லான் பறவைகளைப் பற்றி ஒன்றும் அறியாத நகரம் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்பானியப் படைத் தலைவர் கோர்ட்டெஸ் தன் மன்னருக்கு 1520-இல் எழுதிய கடிதத்தில் மொக்டெசுமாவின் பறவை மாளிகையை வியந்து எழுதியிருக்கிறார். நீர்ப்பறவைகளுக்கு மட்டும் பத்துக் குளங்கள். கடல் பறவைகளுக்கு உப்பு நீர், ஆற்றுப் பறவைகளுக்கு நன்னீர். ஒவ்வொரு பறவையும் காட்டில் என்ன தின்னுமோ அதையே கொடுத்தார்கள். மீன் தின்பதற்கு மீன், புழு தின்பதற்குப் புழு. பார்த்துக்கொள்ள 300 பேர், நோய்வாய்ப்பட்ட பறவைகளைக் கவனிக்கத் தனி ஆட்கள். அடுத்த ஆண்டு நகரத்தை முற்றுகையிட்டபோது இதே மாளிகைக்கு அவரே தீ வைத்தார். தனக்கு வருத்தம்தான், ஆனால் எதிரிக்கு அதைவிட அதிகம் வலிக்கும் என்பதால் செய்தேன் என்று எழுதியிருக்கிறார். 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் விழுந்தது.

வடக்கே போனால் இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. இன்றைய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து வறண்ட சாக்கோ பள்ளத்தாக்கில் புவெப்லோ போனிடோ என்ற பெரிய கல் கட்டடம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை கட்டிக்கட்டிப் பெரிதாக்கிய அறுநூறுக்கும் மேற்பட்ட அறைகள் அதில் உண்டு. அங்கே அகழ்ந்தபோது முப்பது செம்பஞ்சவர்ணக்கிளிகளின் எலும்புகள் கிடைத்தன. அந்தக் கிளி மெக்சிகோவின் ஈரமான தாழ்நிலக் காட்டுப் பறவை. சாக்கோவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். எப்படிக் கொண்டுவந்திருப்பார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குஞ்சாக இருக்கும்போதே பொந்திலிருந்து எடுத்து, வாயில் இரை ஊட்டி, பாலைவனத்தின் வெயிலிலும் இரவுக் குளிரிலும் காப்பாற்றி, நடந்தே சுமந்து வர வேண்டும். 2015-இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு, இந்தக் கிளிகளில் சில பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று காட்டியது. சாக்கோவின் நெடுந்தூர உறவுகள் நினைத்ததைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியவை என்பது கிளி எலும்பால் தெரியவந்தது.

பிற்பாடு, ஏறக்குறைய 1200 முதல் 1450 வரை, வட மெக்சிகோவின் சிவாவா பகுதியிலிருந்த பாக்கிமே நகரம் பஞ்சவர்ணக்கிளிகளை வளர்க்கவே செய்தது. மண்சுவர்க் கூண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் நடுவே துளையிட்ட வட்டக்கல், அந்தத் துளையை அடைக்க ஒரு கல் மூடி. முட்டையோடுகளும் கிடைத்திருக்கின்றன. முந்நூறுக்கும் மேற்பட்ட செம்பஞ்சவர்ணக்கிளிகளின் எலும்புகள் அங்கே தோண்டி எடுக்கப்பட்டன. எலும்புகளில் மிஞ்சியிருந்த வேதியியல் தடயங்களைப் பார்த்தால், பழம் தின்ன வேண்டிய பறவை பெரும்பாலும் மக்காச்சோளம் தின்று வாழ்ந்திருக்கிறது. பாதிக்கும் மேற்பட்டவை ஒரு வயதையொட்டி, நீள வால் இறகு முதன்முதலாக முழுதாக வளர்ந்த பருவத்தில் இறந்தவை. பலியாகக் கொடுக்கப்பட்டிருக்கும் என்று கருதுகிறார்கள். படிக்க மனம் கனக்கிறது. அந்தப் பறவைகளுக்கு அது நல்ல வாழ்க்கை இல்லை. சாக்கோவைக் கட்டியவர்களைத் தங்கள் முன்னோர் என்று சொல்லும் ஹோப்பி, சூனி முதலிய புவெப்லோ மக்களின் சடங்குகளில் பஞ்சவர்ணக்கிளி இறகுக்கு இன்னமும் இடம் உண்டு. வீடுகளிலும் உயிர்க்காட்சிசாலைகளிலும் வளரும் கிளிகள் தாமாக உதிர்க்கும் இறகுகளைச் சேகரித்து அவர்களுக்கு அனுப்பும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. சடங்கும் நடக்கிறது, கிளியும் பிழைக்கிறது.

சரி, இறகு வந்தும் அறிவு வராமல் போனதற்கு மிகத் தெளிவான உதாரணம் சொர்க்கப்பறவை.

மகெல்லன் தொடங்கிய உலகப் பயணத்தில் மிஞ்சிய ஒரே கப்பல் 1522-இல் ஸ்பெயினுக்குத் திரும்பியது. அதில் இன்றைய இந்தோனேசியாவின் பச்சான் தீவு ஆட்சியாளர் ஸ்பெயின் மன்னருக்கு அனுப்பிய பரிசாகச் சில பறவைத் தோல்கள் இருந்தன. ஐரோப்பா அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பின்னர் வணிகத்தில் வந்துசேர்ந்த தோல்களில் கால் இல்லை. நியூகினியிலும் ஆரு தீவுகளிலும் பறவையைப் பதப்படுத்துகிறவர்கள் காலையும் எலும்பையும் நீக்கி, புகையில் உலர்த்தி அனுப்புவது வழக்கம். கேட்டவர்களுக்கு வேண்டியது பொன்னிற இறகு மட்டும்தானே. ஐரோப்பிய அறிஞர்களோ, இந்தப் பறவைக்குக் காலே இல்லை, வானத்திலேயே வாழ்கிறது, பனித்துளியைக் குடிக்கிறது, செத்தால்தான் தரைக்கு வருகிறது என்று எழுதத் தொடங்கினார்கள். கப்பலில் வந்த பிகாஃபெட்டா தன் பயணக் குறிப்பில் அதற்கு மெலிந்த நீளமான கால்கள் உண்டு என்று தெளிவாகவே எழுதியிருந்தார். அதைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. 1758-இல் லின்னேயஸ் பெரிய சொர்க்கப்பறவைக்கு வைத்த அறிவியல் பெயரிலும் ‘காலில்லாதது’ என்பது இடம்பெற்றுவிட்டது. இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

கால் இருக்கிறதா என்று ஆரு தீவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். 1857-இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் அங்கே போய்த் தங்கியபோது பறவையை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதை எழுதி வைத்தார். உயரமான சில குறிப்பிட்ட மரங்களில்தான் ஆண் பறவைகள் கூடி இறகை விரித்து ஆடும். அந்த மரத்திலேயே ஓலையால் சின்ன மறைவிடம் கட்டி, விடியுமுன் ஏறி ஒளிந்துகொள்வார்கள். அம்பின் நுனி கூர்மையாக இருக்காது. தேநீர்க் கோப்பை அளவு மரக்குமிழ் ஒன்று பொருத்தியிருக்கும். இறகில் ஒரு சொட்டு ரத்தம் படாமல் பறவை அடிபட்டு விழ வேண்டும் என்பதற்காக. எந்த மரம், எந்த மாதம், எந்த நேரம் என்ற அறிவு இல்லாமல் ஒரு தோல்கூட லண்டனுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ போய்ச் சேர்ந்திருக்காது.

நியூகினி மக்களின் பறவை அறிவு எவ்வளவு நுட்பமானது என்பதை அறிவியல் உலகம் ஒப்புக்கொள்ள இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது. உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1928-இல் ஆர்ஃபாக் மலையில் பறவைகளைச் சேகரித்தார். அவர் பிரித்தறிந்த இனங்கள் 137. அந்த மலை மக்களிடம் அவற்றுக்கு 136 பெயர்கள் இருந்தன. ஒரே மாதிரி தோற்றமுள்ள இரண்டு சிறு பறவைகளைத்தான் அவர்கள் ஒரே பெயரால் அழைத்தார்கள். பள்ளிக்கூடமும் அருங்காட்சியகமும் இல்லாமல், காதாலும் கண்ணாலும் சேர்த்த அறிவு. அப்புறம், அதே தீவின் பிட்டோஹூய் பறவையின் தோலிலும் இறகிலும் நஞ்சு இருக்கிறது என்று 1992-இல் ஆய்விதழில் வெளியானபோது உலகமே வியந்தது. அதைத் தின்னாதே, கசக்கும் என்று அங்குள்ள வேட்டைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள்.

பறவை அறிவை மட்டும் இப்படி மறுக்கவில்லை, நகரத்தையே மறுத்ததும் உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், ஏறக்குறைய பதினோராம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரை செழித்த கல் நகரம் பெரிய ஜிம்பாப்வே. அங்கே மாக்கல்லில் செதுக்கிய பறவைச் சிற்பங்கள் கிடைத்தன. கழுகு வகை என்று கருதப்படும் அந்தப் பறவை ஷோனா மக்களின் நம்பிக்கையில் முன்னோர் உலகத்தோடு தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கூடவே, இந்த நகரத்தை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியாது, வெளியிலிருந்து வந்தவர்கள்தான் கட்டினார்கள் என்றும் எழுதினார்கள். 1905-இலும் 1929-இலும் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்து, இது உள்ளூர் ஆப்பிரிக்க மக்கள் கட்டியதுதான் என்று உறுதியாகச் சொன்ன பிறகும் காலனி ஆட்சி காதில் வாங்கவில்லை. 1980-இல் விடுதலை அடைந்த நாடு அந்த நகரத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. பறவை கொடியில் ஏறியது.

இனி தீவுகளுக்கு வருவோம். விதி எப்படி இருந்தது, எப்படி உடைந்தது என்பதை அங்கேதான் கிட்டத்தில் பார்க்க முடிகிறது.

ஹவாயில் தலைவர்கள் அணிந்த மேலங்கி முழுக்க முழுக்க இறகால் ஆனது. ஓலோனா என்ற செடியின் நாரில் நெருக்கமாக வலை பின்னி, ஒவ்வொரு கண்ணிலும் சின்னச் சின்ன இறகுக் கொத்தாகக் கட்டிக்கொண்டே போவார்கள். சிவப்புக்கு இஇவி பறவை, மஞ்சளுக்கு மாமோவும் ஓஓவும். மாமோவின் உடல் பெரும்பாலும் கறுப்பு. முதுகின் கீழ்ப்பகுதி, தொடை போன்ற சில இடங்களில் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். ஹவாய் அரசர் முதலாம் கமேஹமேஹாவின் மஞ்சள் மேலங்கியில் ஏறக்குறைய 4,50,000 இறகுகள் இருக்கின்றன என்றும், அதற்கு 80,000 மாமோக்கள் தேவைப்பட்டிருக்கும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே ஆளின் ஆயுளில் முடிகிற காரியம் இல்லை. பறவை பிடிப்பவர்கள் தனித் தொழிலாளர்களாகவே இருந்தார்கள். பூத்த கிளையில் பிசினைத் தடவிவிட்டுக் காத்திருப்பார்கள். மஞ்சள் இறகு கொஞ்சமே உள்ள பறவையானால் அதைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிடுவது வழக்கம் என்று பதிவுகள் சொல்கின்றன. சிவப்புப் பறவைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உடம்பு முழுக்க வேண்டியிருந்ததால் அவற்றைக் கொன்றார்கள். அப்படியிருந்தும் நூற்றாண்டுக் கணக்கில் இஇவி ஏராளமாகவே இருந்தது.

1779 ஜனவரி 26 அன்று தலைவர் கலானிஓபுஉ, தான் போட்டிருந்த இறகு மேலங்கியைக் கழற்றி ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் தோளில் போர்த்தினார். அந்த மேலங்கி பல கைகள் மாறி நியூசிலாந்து அருங்காட்சியகத்துக்குப் போய், 2016-இல்தான் ஹவாய்க்குத் திரும்பி வந்தது. அதற்குள் மாமோ உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளோடு அது முடிந்தது. ஓஓ இனங்களில் கடைசியாக மிஞ்சியிருந்த கவாய் தீவு ஓஓவின் குரலைக் கடைசியாகக் கேட்டது 1987-இல். மேலங்கிகளால்தான் இவை அழிந்தன என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. 1826 வாக்கில் கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு கொசு வந்து இறங்கியது. அதன் பின்னால் பறவை மலேரியா வந்தது. கொசுவையே அறியாத தீவுப் பறவைகளுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. எலி, மேய்ச்சல், காடழிப்பு, துப்பாக்கி எல்லாம் சேர்ந்துகொண்டன. இஇவி இன்றும் கொசுவுக்கு எட்டாத குளிர்ந்த மலைக் காடுகளில் தாக்குப்பிடிக்கிறது. வெப்பம் ஏற ஏறக் கொசுவும் மேலே ஏறுகிறது என்பதுதான் இப்போதைய கவலை.

நியூசிலாந்தின் ஹுயா கதை இன்னும் நேரடியானது. வால் இறகு பன்னிரண்டு; கறுப்பு, நுனி மட்டும் வெள்ளை. மாவோரித் தலைவர்கள் தலையில் சூடுவதற்கென்று, செதுக்கு வேலை செய்த தனிப் பெட்டியில் அவற்றைப் பத்திரப்படுத்துவார்கள். ஆணின் அலகு குட்டை, பெண்ணின் அலகு நீண்டு வளைந்தது. ஜோடியாகவே திரியும். அதன் சீழ்க்கையைப் போலச் சீழ்க்கை அடித்தால் பயமில்லாமல் கிட்ட வந்துவிடும், கோலில் கட்டிய கண்ணியை மாட்டிவிடலாம். இவ்வளவு எளிதில் சிக்கும் பறவை என்பதால்தான் ராஹுயி என்ற தடைக்காலம் அவசியமாக இருந்தது. தலைவர்கள் அறிவித்தால் அந்தக் காலத்தில் அந்தக் காட்டில் யாரும் கைவைக்கக் கூடாது. குடியேறிகளின் ஆட்சியில் நிலம் கைமாறியது, தலைவர்களின் சொல்லுக்கு இருந்த அதிகாரம் போனது, அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் தோலுக்குப் பணம் கொடுத்தார்கள். இறங்கிச் சுட்டவர்களில் மாவோரிகளும் உண்டு, ஐரோப்பியரும் உண்டு. 1901-இல் இங்கிலாந்தின் யார்க் கோமகன் வந்தபோது அவர் தொப்பியில் ஒரு ஹுயா இறகைச் செருகினார்கள். உடனே எல்லாருக்கும் அது வேண்டியதாகிவிட்டது. கடைசியாக உறுதியாகப் பார்த்த நாள் 1907 டிசம்பர் 28. 2024-இல் ஒரே ஒரு ஹுயா இறகு ஏலத்தில் 46,000 நியூசிலாந்து டாலருக்கு மேல் போனது.

பூர்வகுடிகள் எல்லாரும் பிறவியிலேயே இயற்கைக் காவலர்கள் என்று சொல்லிவிடுவதும் தவறு. மாவோரிகளின் முன்னோர் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் நியூசிலாந்தில் இறங்கியபோது அங்கே ஒன்பது வகை மோவா இருந்தன. பறக்க முடியாத, சில மனிதனைவிட உயரமான பறவைகள். இருநூறு ஆண்டுகளுக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஹவாயிலும் முதல் குடியேற்றத்துக்குப் பிறகு தரைவாழ் பறவைகள் பல அழிந்தன. புதிதாக வந்து இறங்கும் மக்களுக்கு அந்த நிலத்தின் அளவு தெரியாது. ஹுயாவுக்கு ராஹுயி போட்டவர்கள் மோவாவை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கட்டுப்பாடு என்பது பட்டும் பார்த்தும் உருவானது என்றே நான் நினைக்கிறேன். அப்படி உருவாகப் பல தலைமுறை ஆகும். கலைத்துப்போட ஒரு தலைமுறை போதும்.

அந்தக் கட்டுப்பாடு எதுவுமே இல்லாத இறகு வணிகம் எப்படியிருக்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருநகரங்கள் காட்டின. லண்டன், பாரிஸ், நியூயார்க் நகரங்களில் பெண்களின் தொப்பிக்கு இறகு நாகரிகமானது. பறவையியலாளர் பிராங்க் சாப்மன் 1886-இல் நியூயார்க்கின் தெருக்களில் நடந்து எண்ணினார். 700 தொப்பிகளில் 542-இல் இறகு இருந்தது. நாற்பது இனங்களை அவரால் அடையாளம் சொல்ல முடிந்தது. அதிகம் கேட்டது வெண்கொக்கின் மெல்லிய தூவி. அது இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே முளைக்கும். அதாவது கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது. தாய் தகப்பன் இரண்டையும் சுட்டுவிட்டால் குஞ்சுகள் பட்டினியில் சாகும், அந்தக் கொக்குக் குடியிருப்பு ஒரே பருவத்தில் காலி. அடுத்த ஆண்டும் இறகு வேண்டுமே என்று யோசிக்கும் நிலையில் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் ஆளில்லை. சுட்டவர் அடுத்த சதுப்புக்குப் போய்விடுவார், வாங்கியவர் அடுத்த நாட்டில் வாங்குவார். எதிர்ப்பும் நகரத்தில்தான் கிளம்பியது. 1889-இல் மான்செஸ்டரில் எமிலி வில்லியம்சன் தொடங்கிய பெண்கள் சங்கம்தான் பின்னர் பிரிட்டனின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பாக வளர்ந்தது. இறகு இறக்குமதிக்கு அங்கே 1921-இல் தடைச் சட்டம் வந்தது.

இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். அருணாசலப் பிரதேசத்தின் நிஷி மக்கள் தலையில் அணியும் பிரம்புத் தொப்பியில் பெரிய இருவாச்சியின் அலகைப் பொருத்துவார்கள். இருவாச்சியின் குடும்ப வாழ்க்கை விசித்திரமானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாயிலைத் தன் எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். சின்னக் கீறல் வழியாக ஆண்தான் மாதக்கணக்கில் பழம் ஊட்ட வேண்டும். அந்த ஆணை ஒருவர் சுட்டால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பிழைப்பது கடினம். நிஷி வழக்கத்தில் இனப்பெருக்கக் காலத்தில் வேட்டையைத் தவிர்க்கும் மரபு இருந்தது. துப்பாக்கி வந்தபின் அது தளர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அசல் அலகுக்குப் பதில் கண்ணாடியிழையில் செய்த அலகு கொடுக்கப்பட்டுவருகிறது. கிராமத் தலைவர்கள் முன்னின்று அதை ஏற்றுக்கொண்டார்கள். பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் முன்பு வேட்டையாடியவர்களே கூடுகளைக் காக்கும் வேலையில் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். கூட்டைக் காக்க நகரத்தில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் பணம் கட்டித் தத்தெடுக்கலாம். அவர்கள் தத்தெடுத்த கூட்டில் என்ன நடந்தது என்ற விவரம் அவர்களுக்கு அனுப்பப்படும். எந்த மரத்தில் பொந்து இருக்கிறது, பெண் உள்ளே போய்விட்டதா, ஆண் ஒரு நாளைக்கு எத்தனை முறை பழம் கொண்டுவருகிறது, குஞ்சு எப்போது வெளியே வந்தது என்பதையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறார்கள்.